ஓட்டையைப் பார்க்காமலே கசிவைச் சொல்ல முடியுமா? ஆதி கேலக்ஸிகளும் ஒரு வயல் கணக்கும்!

வயலுக்கு ராத்திரி தண்ணி வைத்துவிட்டு, காலையில் போய்ப் பார்த்தால் மட்டம் இறங்கியிருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயிக்கு உடனே புரிந்துவிடும்: வரப்பில் எங்கேயோ நண்டு வளை! ஓட்டையைப் பார்க்காமல், நிற்கிற தண்ணியை வைத்தே கசிவைச் சொல்லிவிடுவார். ஆதி கேலக்ஸிகளைப் பற்றி வானியலாளர்கள் போடுவதும் கிட்டத்தட்ட இதே கணக்குதான்.

கசிவது என்ன?

இளம் நட்சத்திரங்கள் உமிழும், 91.2 நானோமீட்டருக்கும் குறைந்த அலைநீளமுள்ள புற ஊதா ஒளி. ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்தெறியும் சக்தி இதற்கு உண்டு. பிரபஞ்சத்தின் முதல் 100 கோடி ஆண்டுகளில், எங்கும் பரவியிருந்த ஹைட்ரஜன் மூட்டத்தைக் கலைத்தது பெரும்பாலும் இந்த ஒளிதான் என்று கருதப்படுகிறது. சிக்கல் என்னவென்றால், அந்த மூட்டமே ஒளியை விழுங்கிவிடும். நேரடியாக நம்மை எட்டாது.

கணக்கு எப்படி?

சுவீடன் வானியலாளர் எரிக் சாக்ரிசன் குழு 2013-ல் ஒரு வழி சொன்னது. கசியாத ஒளியை கேலக்ஸியின் சொந்த வாயு உறிஞ்சி, 'ஹெச்-பீட்டா' போன்ற ஒளிக்கோடுகளாகத் திருப்பித் தரும். கசிவு கூடினால் கோடு மங்கும். 'தண்ணியே கம்மியா வச்சிருந்தா?' நியாயமான சந்தேகம். இளம் நட்சத்திரங்கள் குறைந்தாலும் கோடு மங்கும். அதனால் புற ஊதா நிறத்தையும் சேர்த்து, கணினி உருவாக்கிய மாதிரி நிறமாலைகளோடு ஒப்பிட வேண்டும்.

இந்தியா எங்கே வருகிறது?

நிஜக் கசிவோடு சரிபார்க்காத மாதிரி வெறும் ஏட்டுச் சுரைக்காய். அந்த நிஜத்தைக் கொடுத்தது நம்ம அஸ்ட்ரோசாட். 2016 அக்டோபரில் 28 மணி நேரத்துக்கும் மேல் உற்றுநோக்கி, 930 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள 'ஏயுடிஎஃப்எஸ்01' கேலக்ஸியிலிருந்து இந்த ஒளியை நேரடியாகவே பிடித்தது. புனே ஐயூகா மையத்தின் கனக் சாஹா தலைமையிலான குழு இதை 2020 ஆகஸ்ட்டில் வெளியிட்டது. ஆதி கேலக்ஸி இல்லைதான். ஆனால், மூட்டம் கலைந்த பிந்தைய காலத்தில்தானே கசிவை நேரில் அளக்க முடியும்?

2015-ல் ஐந்தாண்டு ஆயுளுக்காக ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட் பத்தாண்டைத் தாண்டிவிட்டது. அடுத்ததாக 'இன்சிஸ்ட்' என்ற புற ஊதா தொலைநோக்கியைப் பெங்களூரு இந்திய வான் இயற்பியல் மையம் முன்வைத்துள்ளது. அதைத் தள்ளிப்போடக் கூடாது. ஜேம்ஸ் வெப் எவ்வளவு ஆதி கேலக்ஸிகளைக் காட்டினாலும், கணக்கைச் சரிபார்க்க ஒரு புற ஊதாக் கண் வேண்டும். அந்த வேலையில் இந்தியா ஏற்கெனவே கைதேர்ந்தது.