பெயின்டைப் பார்க்காதீர்கள், ஆயிலைப் பாருங்கள்

ஓய்வுபெற்ற கையோடு பழைய மினி டிராக்டர் ஒன்று வாங்கினேன். புதுப் பெயின்ட் பளபளத்தது. மீட்டரும் குறைந்த மணி நேரமே காட்டியது. இரண்டையும் நம்பியது என் தவறு.

வீட்டுக்கு வந்தபின்தான் கியர்பாக்ஸ் ஆயில் கம்பியை உருவிப் பார்த்தேன். பால் விட்ட டீ மாதிரி இருந்தது. சேற்றுழவில் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆயிலோடு சீலையும் மாற்றவேண்டும் என்றார் மெக்கானிக். ஏர் கிளீனர் கிண்ணத்தைக் கழற்றினால் ஆயிலுக்குப் பதில் கெட்டிச் சேறு! தூசியைப் பிடித்து நிறுத்துவது அந்த ஆயில்தான். அது கெட்டால் தூசி இஞ்சினுக்குள் போய் பிஸ்டன் ரிங், லைனரை எல்லாம் தேய்த்துவிடும்.

"ஓடுறவரைக்கும் ஓடட்டும் சார்" என்று பலர் சொன்னார்கள். நான் ஏற்கவில்லை. ஆயில் செலவு ஆயிரங்களில் முடியும். இஞ்சின் வேலை அப்படி முடியாது.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் பணம் கொடுக்கும் முன்பே கம்பியை உருவிப் பாருங்கள். ரொட்டவேட்டர் அப்புறம் வாங்கலாம். முதலில் எல்லா ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். புழுதி உழவு நாட்களில் ஏர் கிளீனரைத் தினமும் பாருங்கள். மாற்றிய தேதியையும் மீட்டர் மணியையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். முன்னவர் வைத்த கணக்கு நமக்குத் தெரியாது. நம் கணக்காவது சரியாக இருக்கட்டும்.