மீனின் பக்கமிருந்து பாருங்கள்



மழைக்காலத்தில் அம்பத்தூர் ஏரிக்கரையில் நின்றுகொண்டே தூண்டில் போடுகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நீர் கலங்கியிருக்கும். அதில் மிதக்கும் நுண்ணிய மண் துகள்கள் ஒளியை நாலாபுறமும் சிதறடித்துவிடுகின்றன. நமக்கு மீன் தெரியாது. மீனுக்கும் நாம் தெரியமாட்டோம். ஆனால் தெளிந்த நீரில் கதையே வேறு. அங்கே மீன் பிடிப்பது மிகக் கடினம். "மீன் தந்திரம் கற்றுக்கொண்டுவிட்டது" என்று சிலர் சொல்வார்கள். உண்மையில் அது தந்திரந்தானா?

பூந்தமல்லிக்கு அருகே, மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட கல்குவாரிகள் இருக்கின்றன. 2017-ஆம் ஆண்டு வறட்சியில் இவற்றின் நீரைச் சுத்திகரித்துச் சென்னைக்குக் குடிநீராக வழங்கினார்கள். ஒரு ஞாயிறு காலை அங்கே போயிருந்தேன். பாறையோரம் ஒரு பெரியவர் தூண்டிலோடு குந்தியிருந்தார். பக்கத்தில் அவருடைய பேரன். தெளிந்த நீரில் விரால் ஒன்று தெரிந்தது. விரால் அவ்வப்போது மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் மீன். அதை நன்றாகப் பார்க்கலாம் என்று எழுந்து முன்னே போனேன். அடுத்த நொடி மீனைக் காணோம்!

"குந்துங்க சார், நின்னா அதுக்குத் தெரிஞ்சிடும். பேச்சு குடுக்காதீங்க, அதிர நடக்காதீங்க" என்றார் பெரியவர்.

எனக்கு வெட்கமாக இருந்தது. பல ஆண்டுகளாக மாறுநிலைக் கோணத்தைப் பாடம் நடத்துகிறவன் நான். வைரத்தையும் முப்பட்டகத்தையும் உதாரணம் காட்டியிருக்கிறேன். நீருக்குள்ளிருந்து மேலே பார்த்தால் என்ன தெரியும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்கள். நீரின் ஒளிவிலகல் எண் 1.33. எனவே அதன் மாறுநிலைக் கோணம் ஏறத்தாழ 48.6 பாகை. மீன் அண்ணாந்து பார்த்தால் மேலே உள்ள உலகம் முழுவதும் ஒரு வட்ட ஜன்னலுக்குள் அடங்கித் தெரியும். மீன் 1 மீட்டர் ஆழத்தில் இருந்தால் அந்த வட்டத்தின் ஆரம் ஏறத்தாழ 1.13 மீட்டர். அதற்கு வெளியே முழு அக எதிரொளிப்புதான். நீரின் மேற்பரப்பு கண்ணாடிபோல அடித்தரையைக் காட்டும்.

கரையில் இருக்கும் நாம் அந்த ஜன்னலின் விளிம்பை ஒட்டித் தெரிவோம். விளிம்பிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிற்பவரின் தலை நீர்மட்டத்துக்கு மேல் 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று கொள்வோம். ஸ்னெல் விதிப்படி, மீனின் கண்ணுக்கு அவருடைய உருவம் ஏறத்தாழ 3 பாகை அளவு. அவரே குந்திக்கொண்டு தலை 0.8 மீட்டர் உயரத்துக்கு இறங்கினால் உருவம் வெறும் 0.8 பாகை. உயரம் பாதியானால் உருவம் ஏறத்தாழக் கால்பங்கு ஆகிவிடுகிறது! அதுமட்டுமல்ல, அவ்வளவு சாய்வாக வரும் ஒளியில் கணிசமான பங்கு நீர்ப்பரப்பிலேயே எதிரொளித்துப் போய்விடுவதால் உருவம் மங்கியும் தெரியும். பெரியவர் குந்தச் சொன்னதன் பொருள் இதுதான்.

1906-ல் அமெரிக்க இயற்பியலாளர் ஆர். டபிள்யூ. வுட் இதே கேள்வியை எழுப்பினார். நீர் நிரப்பிய வாளிக்குள் ஊசித்துளையும் ஒளிப்படத் தகடும் அமைத்து, மீனுக்கு உலகம் எப்படித் தெரியும் என்று படமே எடுத்துவிட்டார். இன்று கேமராக்களில் உள்ள 'மீன்கண் லென்ஸ்' என்ற பெயருக்கு மூலம் அவருடைய கட்டுரைதான்.

அப்படியானால் பெரியவர் சொன்னது அத்தனையும் சரியா? அவசரப்பட வேண்டாம். பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றில் வரும் ஒலியின் ஆற்றலில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் நீருக்குள் நுழைகிறது, மீதி திரும்பிவிடுகிறது. ஆனால் பாறையை மிதித்தால் அதிர்வு நேராக நீருக்குப் போகும். மீனின் உடலோரம் ஓடும் பக்கக்கோடு என்னும் உறுப்பு நீரின் அசைவை உடனே உணர்ந்துகொள்ளும்.

அடுத்த ஞாயிறு மூவரும் சோதித்துப் பார்த்தோம். பேரன் மீனுக்குத் தெரியாதபடி புதர் மறைவில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசினான். மீன் அசையவில்லை. பிறகு அதே இடத்திலிருந்து குதிகாலால் பாறையை மிதித்தான். மீன் மறைந்துவிட்டது. பெரியவர் சிரித்தார்: "அப்ப இத்தினி வருஷமா சும்மாவே வாயை மூடினு இருந்தனா?" ஒரு முறை நடந்தது நிரூபணம் ஆகாது, பத்து முறையாவது பார்க்க வேண்டும் என்றேன். பேரன் அன்றே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுத ஆரம்பித்துவிட்டான்.

அந்தப் பையன் அந்த ஆண்டு இயற்பியலில் தோற்றவன். மாறுநிலைக் கோணத்துக்கு வரையறை எழுதத் தெரியவில்லையாம். அந்தக் கோணத்தை நம்பி வாரந்தோறும் மீன் பிடிக்கிறவன் அவன்! வரையறையை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவர்களோ, அது எங்கே பயன்படுகிறது என்று கேட்டால் விழிக்கிறார்கள். இதில் பாதிக் குற்றம் என்னைப் போன்ற ஆசிரியர்களுடையது.

என் கருத்து இதுதான். பெரியவர்கள் அனுபவத்தில் சொல்வதை மூடநம்பிக்கை என்று தள்ளாதீர்கள்; வேதவாக்கு என்று தலையில் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்துச் சோதியுங்கள். குந்தச் சொன்னது நின்றது. பேசாதே என்றது ஆட்டம் கண்டது. சோதிக்காமலிருந்தால் இரண்டும் நமக்கு ஒன்றாகவே இருந்திருக்கும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: குவாரிக் குட்டைகள் திடீர் ஆழம் கொண்டவை. உயிர்ப்பலி வாங்கியவை. அங்கே தனியே போகாதீர்கள், நீரில் இறங்கவே இறங்காதீர்கள். வீட்டிலேயே பார்க்க வழி இருக்கிறது. கண்ணாடித் தம்ளரில் முக்கால்வாசி நீர் ஊற்றி, கண்ணுக்குச் சற்று மேலே தூக்கிப் பிடியுங்கள். தம்ளரின் பக்கவாட்டு வழியே நீரின் மேற்பரப்பைக் கீழிருந்து பாருங்கள். வெள்ளி பூசியதுபோல் மின்னும். மேலே ஒரு விரலை நீட்டினால் அந்தப் பரப்பின் வழியே அது தெரியாது. விரலை நீருக்குள் விட்டால்? பார்த்துவிட்டு உங்கள் ஆசிரியரிடம் சொல்லுங்கள். அவரும் என்னைப் போல இதுவரை பார்க்காதவராக இருக்கலாம்.