இடுகுறியோ, காரணக்குறியோ?

வத்தளையில், நீர்கொழும்பு வீதியோரத்துப் பல்பொருள் அங்காடி ஒன்றின் வாகனத் தரிப்பிடத்திலே, வாயிலுக்கு மிக அணித்தாக நீல வண்ணம் தீட்டிய கட்டம் ஒன்று உண்டு. அதன் நடுவே, சக்கர நாற்காலியில் அமர்ந்த ஒருவரின் உருவம் வெள்ளை நிறத்தில் வரையப்பட்டிருக்கிறது. எம்மொழியும் வாசிக்க அறியாதவருக்கும் பொருள் விளங்கவேண்டும் என்றே எழுத்தை விடுத்துச் சித்திரத்தைக் கைக்கொண்டனர். 1968ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டு மாணவி சுசான் கோஃபெட் அதனை முதலில் வரைந்தபோது அவ்வுருவத்துக்குத் தலை இருக்கவில்லை. மறுவருடமே தலையாகிய சிறு வட்டம் சேர்க்கப்பட்டது. நாற்காலியில் ஒரு மனிதன் இருக்கிறான் என்பது அதன் பின்னரே தெரிந்தது.

பெயர்களை இடுகுறி என்றும் காரணக்குறி என்றும் பகுத்துக் கற்பிப்பது எம்போன்றோர் தொழில். அந்த நீலக் கட்டத்தைக் காரணக்குறி என்றே நான் எண்ணியிருந்தேன். அதனை வெறும் இடுகுறியாகக் கொள்வாரும் உளர் என்பதைச் சில கிழமைகளுக்கு முன்னர் அங்கேதான் அறிந்தேன்.

அன்று என் பழைய மாணாக்கர் ஒருவர் தமது காரில் என்னை ஏற்றிச் சென்றார். விபத்தொன்றில் இரு கால்களும் வலுவிழந்தவர். தடுப்பையும் வேகத்தையும் கையால் இயக்குமாறு அமைத்த காரைத் தாமே ஓட்டுகிறார். நாங்கள் சென்றபோது நீலக் கட்டத்தில் கறுப்புக் கண்ணாடியிட்ட ஜீப் வண்டி ஒன்று நின்றது. சிறிது நேரத்தில் ஐஸ்கிரீம் பெட்டியுடன் ஓர் இளைஞர் வந்தார். நான் இறங்கிச் சென்று கேட்டேன். “ஐந்து நிமிடந்தானே ஐயா, அதற்குள் யார் வரப்போகிறார்கள்?” என்றார். வந்தவர் பத்தடி தூரத்தில் இருந்தார். ஆனால், சாரதி ஆசனத்தில் இருக்கும்போது எல்லாரும் ஒரு தன்மையர் அல்லரோ! இளைஞர் கண்ணுக்கு அவர் யாரோ ஒரு சாரதி.

அவ்விளைஞர் தீயவர் அல்லர். என்னிடம் மரியாதையாகவே பேசினார். அவர் பிழைபட்ட இடம் வேறு. அக்கட்டத்தின் சிறப்பு வாயிலுக்கு அண்மையில் இருப்பதே என்று அவர் எண்ணிவிட்டார். அண்மை ஒரு வசதி. வசதியை ஐந்து நிமிடம் கடன்வாங்கினால் குடிமுழுகாது என்பது அவர் கணக்கு. உண்மையில் அக்கட்டத்தின் உயிர் அதன் அகலத்தில் இருக்கிறது. என் மாணாக்கர் கதவை முற்றாகத் திறந்து, மடித்து வைத்த நாற்காலியை எடுத்து வெளியே விரித்துக் காரோடு அணைத்து நிறுத்தி, கைகளின் பலத்தினாலே உடலை அதற்கு மாற்றவேண்டும். சாதாரணக் கட்டங்களில் இரு வண்டிகளுக்கு இடையே ஓர் ஆள் பக்கவாட்டாக நுழையலாம், நாற்காலி விரியாது. தூரத்தில் இடங்கிடைத்தால் நாம் சற்று நடப்போம். அவருக்கோ அகலமான இடம் இல்லையெனில் அங்காடியே இல்லை. அன்று அவர் காரிலேயே இருந்தார். அவர் தந்த பட்டியலைக் கொண்டுபோய் நான் சாமான் வாங்கி வந்தேன். “இது எனக்குப் பழக்கம், ஐயா” என்றார். தம் உடுப்பைத் தாமே தெரிந்து வாங்குவதற்காக வந்தவர் அவர்.

பற்றுக்கோடற்ற முல்லைக்குத் தேரை விட்டு நடந்தான் பாரி. நடக்கவியலாதார் இடத்திலே தேரை விட்டு நடக்கிறோம் நாம். (பாரியின் தேரை எங்கும் இழுத்து வருவது பண்டிதர் வழக்கம், பொறுத்தருள்க.)

சட்டம் இல்லாமலில்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இந்நாட்டில் வலுவிழந்தோர் உரிமைகளைப் பாதுகாக்க எழுந்தது. பொதுக் கட்டடங்களை அவர்கள் அணுகுவதற்கான விதிகள் 2006இல் வர்த்தமானியில் வந்தன. அவை ஏட்டளவில் நின்றபோது உயர் நீதிமன்றத்தை நாடியவர் கலாநிதி அஜித் பெரேரா. இரசாயன அறிஞர்; துடுப்பாட்ட நடுவராகவும் விளங்கியவர். 1992இல், ஓடிக்கொண்டிருந்த காரின்மேல் வீதியோர மரம் வீழ்ந்ததால் சக்கர நாற்காலிக்கு உரியவரானார். அவர் தொடுத்த வழக்கிலே 2011ஆம் ஆண்டு ஏப்ரலில் நீதிமன்றம் அவ்விதிகளைக் கைக்கொள்ளுமாறு கட்டளையிட்டது. 2020இல் அவர் காலமாகும்வரை இம்முயற்சியை விட்டாரில்லை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டில் ஏதேனும் ஓர் இயலாமை உடையோர் 16 இலட்சத்துக்கு மேற்பட்டோர். ஆயினும் கட்டடம் அமைப்போனைச் சட்டம் கட்டலாம். கட்டத்தில் வண்டியை நிறுத்துவோனை அங்கே நின்று கேட்பவர் யார்? காவலாளியோ? ஜீப் வண்டியின் விலையை அவன் அறிவான். தன் வேதனத்தையும் அறிவான்.

பிரித்தானியாவில் 1971 முதல் இதற்கென ஓர் அட்டை வழங்குகிறார்கள். அது வண்டிக்கு உரியதன்று, ஆளுக்கு உரியது. முறைகேடாகப் பயன்படுத்துவோர் ஆயிரம் பவுண் வரை தண்டம் இறுக்க நேரும். அட்டையாலும் எல்லாம் தீர்ந்துவிடாது. 1999இல் அமெரிக்காவிலே, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகக் காற்பந்தாட்ட வீரர் பலர் பொய்க்காரணங் காட்டி இத்தகைய அனுமதி பெற்றமைக்காகக் குற்றஞ்சாட்டப்பட்டனர். அந்நாட்டின் உறுதிமிக்க கால்களுள் சில அவை!

இருப்பினும் அட்டை வேண்டும் என்கிறேன். என் குற்றமொன்றே அதற்குக் காரணம். முன்னொரு நாள் அதே கட்டத்தில் காரை நிறுத்திவிட்டு ஒரு பெண்மணி இறங்கி நடந்தார். நான் வெறுத்து நோக்கினேன். அவர் கேட்குமாறு ஏதோ முணுமுணுத்தும் விட்டேன். பத்தடி நடந்தவர் தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்தார். இருதய நோயும் சுவாச நோயும் சக்கர நாற்காலியில் ஏறி வருவதில்லை. இங்கிலாந்தில் 2019 முதல், வெளியே தோன்றாத இயலாமை உடையோர்க்கும் அவ்வட்டை கிடைக்க வழிசெய்தனர். இங்கும் ஓர் அட்டை இருந்திருப்பின் அவ்வம்மையார் என் பார்வைக்கு விளக்கம் சொல்லக் கடமைப்பட்டிரார்; நானும் நீதிபதியாக முனைந்திரேன்.

சென்ற கிழமை மீண்டும் அவ்வங்காடிக்குச் சென்றேன். எங்கள் முறைப்பாட்டின் பயனாக நீலக் கட்டத்தின் நடுவே செம்மஞ்சட் கூம்பு ஒன்றை வைத்திருந்தார்கள். முகாமையாளர் பெருமையோடு காட்டினார். என் மாணாக்கர் தனியே வருங்கால் அதனை இறங்கி நகர்த்துவது யார் என்று கேட்டேன். அவர் கூம்பை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார், பின்பு காவலாளியைத் தேடி உள்ளே போனார்.