பிங் போகுதாம், கேஸ் க்ளோஸாம்!

டிஸ்கி: கொஞ்சம் பொட்டி தட்டுற சமாச்சாரம்தான். ஆனா "நெட்வொர்க் ஓகே சார், உங்க சிஸ்டம்தான் ப்ராப்ளம்"னு ஒரு தடவையாவது கேட்டிருந்தீங்கன்னா, இது உங்களுக்கும்தான்.

சுவிட்சுக்குள்ள லாகின் பண்ணி, பிங் அடிச்சு, வரிசையா அஞ்சு ஆச்சரியக்குறி வந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து டிக்கெட்டை மூடற வழக்கம் இருக்கு பாருங்க, அது சுத்த ஏமாத்து வேலைங்கறது என் கட்சி.

அந்த அஞ்சு குறி என்ன சொல்லுது? சிஸ்கோ சுவிட்ச்ல சும்மா பிங் அடிச்சா போறது 100 பைட்ல அஞ்சே பாக்கெட். அதுவும் சுவிட்சோட சொந்த ஐபியிலேர்ந்து, மேனேஜ்மென்ட் வீலான் வழியா. கம்ப்ளெய்ன்ட் பண்ணவர் உக்காந்திருக்கறது வேற வீலான், வேற போர்ட், வேற கேபிள். வாட்ச்மேன் ரூம் குழாயில தண்ணி வருது, அதனால மூணாவது மாடியிலயும் வரும்ங்கற மாதிரி இருக்கு!

திருமழிசை சிட்கோ எஸ்டேட்ல ஒரு யூனிட். பேர் வேணாம். எங்க பில்லிங் சாஃப்ட்வேர் அங்க ஓடுது. ஒரு பில் திறக்கவே நிமிஷக்கணக்கா ஆகுதுன்னு புகார். நெட்வொர்க் காண்ட்ராக்ட் எடுத்தவங்க மூணு நாளா பிங் ஸ்கிரீன்ஷாட்டா அனுப்பித் தள்ளினாங்க. 2018-லேர்ந்து 50,000 ரூபாய்க்கு மேல சரக்கு வெளி மாநிலம் போகணும்னா இ-வே பில் வேணும். பில்லே வரலன்னா இ-வே பில் எங்கேர்ந்து வரும்? லாரி பெங்களூர் ரோட்டைப் பாத்துக்கிட்டு கேட்டுலயே நிக்குது. டிஸ்பாட்ச்ல இருந்த அண்ணன் மொதலாளிகிட்ட திட்டு வாங்கறார், டிரைவர்கிட்டயும் வாங்கறார்.

அதே கமாண்ட் லைன்ல சர்வர் போர்ட்டுக்கு 'ஷோ இன்டர்ஃபேஸ்' அடிங்கன்னு கெஞ்சினோம். அடிச்சா, லேட் கொலிஷன் எண்ணிக்கை மளமளன்னு ஏறுது. பழைய 100 எம்பி சர்வர். அதுல யாரோ ஃபுல் டூப்ளெக்ஸ்னு கையால கட்டி வெச்சிருக்காங்க, சுவிட்ச் பக்கம் ஆட்டோ. எதிராளி பேச்சுவார்த்தைக்கே வரலன்னா ஆட்டோ பக்கம் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு இறங்கிடும், விதியே அதான். அப்ப பிங் எப்படி தப்பிச்சுது? ஒண்ணு அனுப்பி, பதில் வந்தப்புறம்தான் அடுத்தது போகும். ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பேசினா எங்க முட்டும்? நிஜமான டேட்டா போகும்போதுதான் ரெண்டு பக்கமும் ஒரே சமயத்துல பேசி முட்டிக்கும்.

திருமழிசை ஆழ்வார் கிளம்புன்னதும் காஞ்சிப் பெருமாள் பாம்புப் பாயைச் சுருட்டிக்கிட்டு கிளம்பினாராம், திரும்பி வான்னதும் வந்து படுத்தாராம். சொன்ன வண்ணம் செய்த பெருமாள்னே பேரு. சுவிட்சும் அதே டைப்தான். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும். தப்பா கேட்டுட்டு அது மேல பழி போடப்படாது.

இதுக்கு நேர் எதிர் கோஷ்டி ஒண்ணு இருக்கு. முதல் பாக்கெட் விழுந்து 80 பர்சென்ட்னு வந்தாலே "லாஸ் இருக்கு"ன்னு குதிப்பாங்க. பெரும்பாலும் அது ஏஆர்பி தேடி முடிக்கற நேரம், அவ்ளோதான். சுவிட்சையே பிங் பண்ணி ஒண்ணு ரெண்டு விழுந்தாலும் பதறவேணாம். பதில் சொல்றது அதோட சிபியு, அதுக்கு ஆயிரம் ஆணி. உங்க டேட்டாவைக் கடத்தறது தனி சிப்பு.

1983 டிசம்பர்ல மைக் மூஸ் பிங்கை எழுதினதே, நெட்வொர்க் ஒண்ணு கிறுக்குத்தனம் பண்ணுதேன்னு தோண்டிப் பாக்கத்தான். நம்மாளுங்க அதை வெச்சு மண்ணைப் போட்டு மூடறாங்க.

பிங் அடிங்க, வேணாம்னு சொல்லல. 1500 பைட்ல, உடைக்காதேன்னு சொல்லி, ஆயிரம் தடவை அடிங்க. கையோட போர்ட் கவுன்ட்டரைப் பாருங்க. முடிஞ்சா ஒரு லேப்டாப்பை அந்த அண்ணன் டேபிள் கேபிள்லயே சொருகி அங்கேர்ந்து அடிங்க. அதுக்கு ஏசி ரூமை விட்டு எழுந்து ஷாப் ஃப்ளோருக்கு நடக்கணும், அதான் கஷ்டம் போல.