‘எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி’: மார்செலும் மைக்கேல்சன் குடும்பமும்

சில வாரங்களுக்கு முன் மாணவர்களோடு ஒரு வாசிப்பு வட்டம் நடத்தினோம். அது முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது பேச்சு தொலைக்காட்சித் தொடர்கள் பக்கம் திரும்பியது. “‘தி ஒரிஜினல்ஸ்’ பார்த்தீங்களா? குடும்பம்னா அப்படி இருக்கணும் தோழர். ஆயிரம் வருஷம் அடிச்சிக்கிட்டாலும் ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்கொடுக்கவே இல்லை” என்றார் ஒரு மாணவி. நாங்களும் பார்த்திருந்தோம், ரசித்துத்தான் பார்த்தோம். ஆனாலும் அந்த வாக்கியம் வீடு வரைக்கும் கூடவே வந்தது. அதற்கான பதில்தான் இது.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ‘தி வேம்பயர் டைரீஸ்’ தொடரிலிருந்து கிளைத்து, 2013 முதல் 2018 வரை 5 பருவங்கள் ஓடிய அமெரிக்கத் தொடர் இது. உலகின் முதல் ரத்தக்காட்டேரிகளான மைக்கேல்சன் உடன்பிறப்புகளின் கதை. நியூ ஆர்லியன்ஸ் நகரில் நடக்கிறது. கிளாஸ், எலைஜா, ரெபெக்கா ஆகிய மூவரும் ‘என்றென்றும்’ ஒன்றாக இருப்போம் என்று சத்தியம் செய்துகொண்டவர்கள். தொடரே அந்தச் சத்தியத்தின் மேல்தான் நிற்கிறது.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள் நம் ஊரில். ரத்தத்தையே குடித்து வாழ்பவர்களின் கதையில் ரத்தபாசம் பேசப்படுவதில் வியப்பில்லை. ஆனால் அந்தப் பாசம் எப்படிச் செயல்படுகிறது என்று பாருங்கள். சொல் பேச்சு கேட்காத உடன்பிறப்பின் நெஞ்சில் கிளாஸ் ஒரு குத்துவாளைச் செருகிச் சவப்பெட்டியில் படுக்கவைத்துவிடுவான். வாளை உருவும்வரை அவர்கள் பிணம்தான். அண்ணன் ஃபின் அப்படி 900 ஆண்டுகள் கிடந்தான். தங்கை ரெபெக்கா யாரையாவது காதலித்தால் காதலனுக்குச் சாவு, அவளுக்குப் பெட்டி. பிறகு ஒருநாள் வாள் உருவப்படும். “எல்லாம் உன் நல்லதுக்குத்தான்” என்ற தொனியில் பேசுவான். குடும்பம் மறுபடி ஒன்றாகிவிடும்.

அண்ணன் தங்கையின் காதலைக் காவல் காப்பதை நாம் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. 1916இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில், சாதியின் உயிர்நாடி அகமணம் என்று அண்ணல் அம்பேத்கர் காட்டினார். யார் யாரை மணக்கலாம் என்பதைக் காவல் காக்கும்வரைதான் சாதி நிற்கும். அந்தக் காவல் வேலை பெரும்பாலும் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. அதற்கு அது வைத்திருக்கும் பெயர் பாசம்.

ஆனால் எங்களை உறுத்தியது ரெபெக்காவின் கதை மட்டுமல்ல, மார்செலின் கதை.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கம். ஒரு தோட்டத்தில் அடிமைச் சிறுவன் ஒருவன் சாட்டையடி வாங்குகிறான். அடிக்கிற கண்காணி மேல் கையில் கிடைத்த ஆப்பிளை எறிகிறான். அதைப் பார்த்த கிளாஸ் கண்காணியைக் கொன்றுவிட்டுச் சிறுவனிடம் பெயர் கேட்கிறான். பெயர் இல்லை. பெயர் வைக்கும் முன்பே தாய் இறந்துவிட்டாள். தந்தை யார்? அந்த மாகாண ஆளுநர். கிளாஸ் அவனுக்கு மார்செல்லஸ் என்று பெயர் வைத்து மகனாக வளர்க்கிறான்.

ஆளுநரின் மகன் எப்படி அடிமை ஆனான்? இது கதாசிரியரின் கற்பனை மட்டுமல்ல. லூயிசியானாவில் 1724இல் பிரெஞ்சு அரசு கொண்டுவந்த ‘கருப்பர் சட்டம்’ வெள்ளையருக்கும் கருப்பருக்கும் இடையிலான திருமணத்தைத் தடை செய்தது. அடிமைத் தாயின் பிள்ளை அடிமை என்றது. அமெரிக்க ஆட்சி வந்த பிறகும் இந்தத் தாய்வழி விதி நீடித்தது. ஆக, வெள்ளை முதலாளிக்குத் தன் சொந்த ரத்தமே சொத்துக் கணக்கில்தான் சேர்ந்தது. ‘ரத்த உறவு’ என்பது உடம்பின் விஷயம் அல்ல, சட்டத்தின் விஷயம். எந்த ரத்தம் உறவு, எந்த ரத்தம் சரக்கு என்பதை அதிகாரம்தான் முடிவு செய்தது.

கிளாஸுக்கு இது புரியாத வலி இல்லை. அவனே தாயின் மணத்துக்கு வெளியே ஓர் ஓநாய் மனிதனுக்குப் பிறந்தவன். அதற்காகவே வளர்ப்புத் தந்தை மைக்கேல் அவனை நூற்றாண்டுக் கணக்கில் விரட்டி வேட்டையாடுகிறான். சாட்டையடி வாங்கும் பையனிடம் கிளாஸ் தன்னையே பார்க்கிறான். அந்த இரக்கம் பொய் என்று நாம் சொல்லவில்லை. இரக்கம் எதுவரை போகும் என்பதே கேள்வி.

மார்செல் ரெபெக்காவைக் காதலிக்கிறான். அங்கே நின்றுவிடுகிறது இரக்கம். மகனாக இருக்கலாம், தங்கையைக் கேட்கக்கூடாது. தங்கை பெட்டிக்குப் போகிறாள். சாகாவரமா காதலா, ஒன்றைத் தேர்ந்தெடு என்கிறான் கிளாஸ். மார்செல் சாகாவரத்தை எடுக்கிறான். நாம் அவனையும் புனிதன் ஆக்க வேண்டியதில்லை.

1919இல் மைக்கேல் ஊருக்குள் வந்து ஓபரா அரங்கைக் கொளுத்துகிறான். (நியூ ஆர்லியன்ஸின் உண்மையான பிரெஞ்சு ஓபரா அரங்கும் 1919இல்தான் எரிந்துபோனது.) மைக்கேல்சன்கள் ஓடிவிடுகிறார்கள், மார்செல் இறந்துவிட்டான் என்று எண்ணிக்கொண்டு. அவன் சாகவில்லை. கிட்டத்தட்ட நூறாண்டு அங்கேயே இருந்து தன் ஆட்களைத் திரட்டிப் பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதியின் அரசன் ஆகிறான். முதல் பருவத்தில் திரும்பி வரும் கிளாஸ் அதைப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கலாம். அவனுக்குப் பொறாமைதான் வருகிறது. ‘நான் தூக்கிவிட்ட பையன் என் நாற்காலியில் உட்காருவதா?’ என்கிற பொறாமை.

“நீயும் எங்க வீட்டுப் பிள்ளை மாதிரிதாம்பா.” இந்த வாக்கியத்தைக் கேட்காத தலித் மாணவர் நம்மில் எத்தனை பேர்? இதில் ‘மாதிரி’ என்ற ஒரு சொல்தான் எல்லை. சாப்பாடு போடுவார்கள், புத்தகம் வாங்கித் தருவார்கள். நாம் பங்கு கேட்கும் நாளில், பெண் கேட்கும் நாளில், தலைமை கேட்கும் நாளில் அந்தச் சொல் எழுந்து குறுக்கே நிற்கும். மார்செலை வளர்த்தார்கள், ஆனால் அவன் பெயர் கடைசிவரை மார்செல் ஜெரார்டுதான், மைக்கேல்சன் அல்ல. குடும்பத்துக்கு ஆபத்து என்று தோன்றியதும் அவன் இதயத்தைப் பிடுங்கி எறிந்தது யார்? முரட்டுக் கிளாஸ் அல்ல. கோட்டுசூட்டு போட்ட, பண்பாளன் என்று பெயரெடுத்த எலைஜா.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அரசனான மார்செல் சூனியக்காரிகள் மந்திரம் பயன்படுத்தத் தடை விதிக்கிறான். மீறினால் நடுத்தெருவில் மரண தண்டனை. சாட்டையடி வாங்கியவன் கைக்குச் சாட்டை வந்ததும் ஆளை மட்டும் மாற்றிக்கொண்டான். அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை இப்படித்தான் உயிர்வாழ்கிறது. ஒவ்வொரு படியில் நிற்பவருக்கும் மிதிக்க இன்னொரு படி கொடுக்கப்படுகிறது. நம் ஆள் நாற்காலியில் உட்கார்ந்தால் போதும் என்பவர்களுக்கு மார்செல் ஓர் எச்சரிக்கை.

தொடரில் மார்செலுக்கு விடுதலை ஒரு காட்டேரிப் பிரபுவின் கருணையால் வருகிறது. வரலாறு வேறு. 1811 ஜனவரியில் இதே நியூ ஆர்லியன்ஸை நோக்கி, மிசிசிப்பி ஆற்றங்கரைக் கரும்புத் தோட்டங்களிலிருந்து சில நூறு அடிமைகள் ஆயுதங்களோடு அணிவகுத்து வந்தார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் சார்லஸ் டெஸ்லாண்ட்ஸ். கிளர்ச்சி நசுக்கப்பட்டது. கொல்லப்பட்டவர்களின் தலைகளைக் கழிகளில் செருகி ஆற்றங்கரையில் வரிசையாக நட்டுவைத்தார்கள். அங்கே யாரும் வந்து காப்பாற்றட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

தொடரின் முடிவில் ரெபெக்காவும் மார்செலும் சேர்கிறார்கள். எங்களுக்கும் கண் கலங்கியது. ஆனால் அடிமைச் சிறுவனின் கதைக்கு மகிழ்ச்சியான முடிவு என்றால் பிரபு குடும்பத்தில் சேர்வதுதானா? அந்த வீட்டுக் கதவு திறப்பதுதான் விடுதலையா?

இதை எழுதும்போது எங்களைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. இயக்கங்களிலும் “நாமெல்லாம் ஒரே குடும்பம்” என்று சொல்கிறோம். முன்பு நாங்கள் இருந்த ஓர் அமைப்பில், மூத்தவர் ஒருவரைப் பற்றி இளம் தோழி ஒருவர் புகார் சொன்னார். “வெளியே தெரிந்தால் நமக்குத்தான் கெட்ட பெயர், குடும்பத்துக்குள் பேசி முடிப்போம்” என்றார்கள். பேசினார்கள், முடித்தார்கள். தோழி வருவதை நிறுத்திக்கொண்டார். நாங்கள் அன்று வாய் திறக்கவில்லை. எலைஜாவைத் திட்டும்போதெல்லாம் அந்தக் கூட்டம்தான் நினைவுக்கு வருகிறது. குத்துவாளைச் செருகியவன் ஒருவன். பெட்டியை நகரம் நகரமாகத் தூக்கிக்கொண்டு போக உதவிய கைகள் பல.

எனவே அந்த மாணவிக்கு எங்கள் பதில் இதுதான்: விட்டுக்கொடுக்காமல் இருப்பது மட்டும் அன்பு ஆகாது தோழர். யாருக்காக விட்டுக்கொடுக்கவில்லை, அதற்கு யார் விலை கொடுத்தார் என்றும் பார்க்க வேண்டும். குடும்பமே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கடைசியாக வந்து சேர்ந்தவரும் எழுந்து கணக்கு கேட்கக்கூடிய குடும்பம் வேண்டும். கேட்டவர் அடுத்த கூட்டத்துக்கும் வர வேண்டும்.