டன் கணக்கு யாருக்கு வேண்டும்?

எண்ணூர்க் கழிமுகமானாலும் அதையொட்டிய பக்கிங்காம் கால்வாயானாலும், சேறு அள்ளும் வேலைக்கு டன்தான் அளவுகோல் என்பதில் மாற்றமில்லையாம். எத்தனை டன் அள்ளினோம், எத்தனை லோடு போனது, எத்தனை கிலோமீட்டர் முடிந்தது என்று சொல்லிவிட்டால் கடமை முடிந்தது. எதை அள்ளினார்கள், எதை விட்டுவைத்தார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. மழைநீர் வடிகாலை அடைத்த மண்ணுக்கும், அனல்மின் நிலையச் சாம்பலும் எண்ணெய்க் கசடும் ஊறிய சேற்றுக்கும் வேறுபாடு தெரியாதவர்கள் எடுத்த முடிவு இது. தெரிந்தே எடுத்தார்கள் என்றால் இன்னும் மோசம்.

வெள்ளம் வடியத் தூர்வாரும்போது தண்ணீர் ஓட வழி கிடைத்தால் போதும். அரை அடி கூடினாலும் குறைந்தாலும் பெரிய நஷ்டமில்லை. நஞ்சை அகற்றத் தூர்வாரும்போது அந்த அரை அடிதான் எல்லாமே. நிலக்கரிச் சாம்பலில் பாதரசம், ஆர்செனிக், ஈயம், காட்மியம் எல்லாம் உண்டு. சாம்பல் படுகை முழுக்க ஒரே கனத்தில் படிவதில்லை. ஓரிடத்தில் கணுக்கால் புதையும், சற்றுத் தள்ளி முழங்கால் புதையும். இன்னோரிடத்தில் மேலே புதுச் சேறு மூடியிருக்கும். குறைவாக வெட்டினால், அதுவரை மூடிக்கிடந்த நஞ்சு வாயைத் திறந்துகொள்கிறது. நண்டும் இறாலும் அதில்தான் மேய வேண்டும். அதிகமாக வெட்டினால் நல்ல மண்ணும் கெட்டதோடு கலந்து கழிவு மலைபோல் குவிகிறது. எடையை வைத்து வேலையை மதிப்பிட்டால் இந்த இரண்டாவது தவறு சாதனையாகிவிடும். முதல் தவறு கணக்கிலேயே வராது. காலில் தைத்த முள்ளை எடுக்கச் சொன்னால் சதையை வெட்டி நிறுத்துக் காட்டுகிறார்கள்.

பொக்லைன் வாளி தண்ணீரிலிருந்து மேலே எழும் அந்தச் சில நொடிகளைக் கவனித்தால் போதும். பல்லிடுக்கில் சாம்பல்நிறக் குழம்பு ஒழுகித் திரும்பவும் தண்ணீரில் விழும். அது அந்த இடத்திலேயே தங்காது. ஏற்றவற்றம் உள்ள கழிமுகத்தில் ஓதம் அதை மேலும் கீழும் இழுத்துச் சென்று, சுத்தமாக இருந்த இடத்திலும் படியவைக்கும். வாளியில் ஏறிய மிச்சத்தைக் கரையிலேயே கொட்டிவைத்தால், முதல் மழை அதையும் உள்ளே தள்ளிவிடும். அள்ளியது ஒருமுறை, கரைத்தது இருமுறை. ஏட்டில் மட்டும் டன் ஏறிக்கொண்டே போகும். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர்களுக்குத்தான் விரலிடுக்கில் வருவது சேறா சாம்பலா என்று தெரியும். அவர்களை யாரும் கேட்பதில்லை.

நஞ்சு இருக்கும் இடத்தை அளந்து அள்ளுவது முடியாத காரியமா? ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் எத்தனை டன் என்று ஆரம்பிக்கவில்லை. 25 பிபிஎம்முக்கு மேல் பாதரசம் உள்ள சேறு அகற்றப்பட வேண்டும் என்று வரம்பு வைத்தார்கள். 1977இல் தொடங்கிய வேலை முடிய 1990 ஆனது. அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றில் 2009இல் பிசிபி நஞ்சு படிந்த சேற்றை அள்ளத் தொடங்குமுன் ஆயிரக்கணக்கான இடங்களில் குழாய் இறக்கி மாதிரி எடுத்தார்கள். வாளி எந்த இடத்தில், எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதை ஜிபிஎஸ் காட்டியது. அப்படியும் நஞ்சின் ஆழத்தைக் குறைத்துக் கணித்திருந்தது அம்பலமானது. 18 பகுதிகளில் 10 மட்டுமே அந்த ஆண்டு முடிந்தது. தண்ணீரில் பிசிபி வரம்பு மீறியபோது வேலையை நிறுத்தினார்கள். 2010 முழுவதும் பரிசீலித்துவிட்டு 2011இல்தான் அடுத்த கட்டத்துக்குப் போனார்கள். அத்தனை மாதிரி எடுத்தவர்களுக்கே அளவு தவறியது. அளவே எடுக்காதவர்களுக்கு எது தவறும், எது தவறாது?

எண்ணூரில் பொறுப்பில் இருப்பவர்களின் பழைய கணக்குகள் நமக்குத் தெரியாதவை அல்ல. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே கடலில் இரண்டு கப்பல்கள் மோதின. சுற்றுச்சூழலுக்கு ஒரு பாதிப்பும் இல்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். பிறகு கரையொதுங்கிய கரிய கசடை மாணவர்களும் மீனவர்களும் பிளாஸ்டிக் வாளியில் அள்ளியதை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து கழிமுகத்தை மூடியது. ஏறக்குறைய ஏழாண்டுகளில் என்ன கற்றார்கள்? அப்போதும் படகில் மீனவர், கையில் வாளி. மேலே மிதந்ததை அள்ளியதும் கதை முடிந்ததாக நினைத்துக்கொண்டார்கள். அடியில் இறங்கியதைப் பற்றிப் பேச்சே இல்லை. அனல்மின் நிலையச் சாம்பல் குழாய்களும் ஆண்டுக்கணக்கில் ஒழுகின. ஒவ்வொரு முறையும் ஒட்டுப்போட்டுவிட்டு ‘சரிசெய்யப்பட்டது’ என்றார்கள். குழாய் ஒழுகிக்கொண்டிருக்கும்போதே கீழே சாம்பல் அள்ளுவதில் என்ன பொருள் என்று கேட்டவர்களை வளர்ச்சியின் விரோதிகள் ஆக்கினார்கள். முகங்கள் மாறியிருக்கலாம், நாற்காலிகள் அவையேதான். வாளியை விட்டுப் பொக்லைனுக்கு வந்ததைத்தான் முன்னேற்றம் என்கிறார்கள் போலும்!

இந்தக் கணக்கு முறை அடியோடு மாற வேண்டும். படுகையை அறிந்த வல்லுநர்களையும், அதைக் காலால் அறிந்த மீனவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உரியவர்கள் உடனே உரிய முடிவெடுக்க வேண்டும். அள்ளிய பிறகு அடியில் என்ன மிஞ்சியிருக்கிறது என்பதைச் சொல்லும் துணிவு முதலில் வரட்டும். அந்தத் துணிவு இல்லாதவர்கள் தயவுசெய்து கழிமுகத்தில் கைவைக்க வேண்டாம். கெடுத்தது போதும், கெடுத்ததற்கு எடைச்சீட்டு வேறு வேண்டாம்.