உரித்ததை எங்கே போடுவீர்கள்?

கல்லாறிலும் குஞ்சப்பனையிலும் மலையேறும் கார்களை நிறுத்தி, சீட்டுக்கு அடியில் தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழகம் முழுக்கத் தடை வந்தது 2019 ஜனவரி 1-ல்தான். நீலகிரி மாவட்டம் 2000-களின் தொடக்கத்திலேயே இந்த வேலையில் இறங்கிவிட்டது. சிறிய தண்ணீர் பாட்டில், குளிர்பான பாட்டில் எல்லாம் இங்கே தடை. சோதனையில் பத்து நிமிடம் தாமதமானாலும் இதை முழுமனதாக ஆதரிக்கிறவன் நான். என் புகார் வேறு. பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவைக்கிறார்களே அந்த கார், சில சமயம் அதுவே தலை முதல் கால் வரை பிளாஸ்டிக்கைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. அதை யாரும் பிளாஸ்டிக் என்று நினைப்பதில்லை. அதற்கு 'ரேப்' என்று பெயர்.

ஒரு சின்னக் கணக்கு. வினைல் ரேப் என்பது பி.வி.சி. ஃபிலிம். ரோலின் அகலம் ஐந்தடி, அதாவது 1.52 மீட்டர். ஒரு நடுத்தர காருக்குச் சுமார் 18 மீட்டர் நீளம் பிடிக்கும். ஏறத்தாழ 27 சதுர மீட்டர். பசையோடு சேர்த்துத் தடிமன் 90 மைக்ரான் என்று வைத்தால் எடை மூன்று கிலோவைத் தாண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் 25 கிராம் என்றால், ஒரு கார் நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டில்களை உடம்பில் ஒட்டிக்கொண்டு மலையேறுகிறது. ஒட்டும்போது உரித்துப்போடும் பின்தாள் தனி. பாட்டிலையாவது பழைய பொருள் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வார். பசை ஒட்டிய பழைய பி.வி.சி.யை எவரும் தொடமாட்டார்.

குன்னூரில் வளர்ந்து, கோயம்புத்தூரில் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறேன். என் அலுவலகத்தில் கார் வாங்கும் பத்துப் பேரில் இரண்டு பேராவது ரேப் பற்றிப் பேசுகிறார்கள். மேட் கறுப்பு, சாட்டின் சாம்பல், தார் ஜீப்பாக இருந்தால் ராணுவப் பச்சை. எல்லோரும் சொல்லும் வாக்கியம் ஒன்றுதான்: "பிடிக்கலன்னா உரிச்சிடலாம் ப்ரோ." இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்துக்கு எதிரானது.

முதலில் ரேப்புக்கு உரிய நியாயத்தைக் கொடுத்துவிடுவோம். ஜெர்மனியில் டாக்சி என்றால் வெளிர் தந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. தந்த நிற காரை மறுவிற்பனையில் சீந்துவார் இல்லை. திரும்பப் பெயிண்ட் அடித்து விற்றால் கையைக் கடிக்கும். 1990-களின் தொடக்கத்தில் இதற்குத் தீர்வாக வந்ததுதான் பெயிண்டுக்குப் பதிலாக ஒட்டும் வினைல். சில வருடம் டாக்சியாக ஓட்டி, ஃபிலிமை உரித்தால் அடியில் கம்பெனிப் பெயிண்ட் புத்தம்புதிதாக இருக்கும். புத்திசாலித்தனமான ஏற்பாடு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் நிபந்தனைகளைக் கவனியுங்கள்: புது கார், பழுதில்லாத பெயிண்ட், தீர்மானித்த ஒரு காலக்கெடு. நம் ஊரில் இந்த மூன்றும் இல்லாத வண்டிக்குத்தான் ரேப் அதிகம் கேட்கிறார்கள். பெயிண்ட் வெளுத்துவிட்டது, கதவோரம் துரு, பம்பரில் கீறல், "மேல ஒட்டிட்டா தெரியாது."

தெரியாதுதான், ஆனால் உள்ளே நடப்பது நிற்காது. நீலகிரிக்கு மழை இரண்டு பக்கமிருந்து வருகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை. அக்டோபரில் தொடங்கிக் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை. நடுவில் பனிமூட்டம். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் சுமார் பத்து சதவீதம் கூடுகிறது. ஜனவரி இரவில் புல்லின் மேல் உறைபனி. காலையில் அங்கே கிளம்பிய கார் மதியம் மேட்டுப்பாளையம் வெயிலில் நிற்கும். இரும்பைவிடப் பல மடங்கு விரிந்து சுருங்குவது பி.வி.சி. இந்த ஏற்ற இறக்கத்தில் முதலில் தோற்பது ஓரங்கள்தான்: சக்கரத்தின் மேல்வளைவு, கதவின் கீழ்விளிம்பு, பானெட்டின் முனை. அங்கே ஒரு நூலிழை அளவுக்கு ஃபிலிம் தூக்கினால் போதும், ஈரம் உள்ளே போய்த் தங்கிவிடும். வெறும் பெயிண்டின் மேல் விழுந்த ஈரம் காற்றில் காய்ந்துவிடும். ஃபிலிமுக்கு அடியில் போனது எங்கே காயும்?

எஸ்டேட் ரோட்டில் ஓடும் வண்டிக்கு இன்னொரு தொல்லை. எதிரே லாரி வந்தால் ஒதுங்க வேண்டும். ஒதுங்கினால் தேயிலைக் கிளை கதவை வருடிவிட்டுத்தான் விடும். பெயிண்டில் விழுந்த மெல்லிய கீறலை காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தே எடுத்துவிடலாம். ஃபிலிம் கிழிந்தால் அந்தக் கதவு முழுவதற்கும் புதிது வெட்டி ஒட்ட வேண்டும். பழையது குப்பைக்கு.

குன்னூரில் எனக்குத் தெரிந்த பெயிண்டர் அண்ணன் ஒருவர் முப்பது வருடமாக இந்த வேலையில் இருக்கிறார். விரல் முட்டியால் கதவைத் தட்டிப் பார்த்தே எங்கே இரும்பு, எங்கே பட்டி என்று சொல்லிவிடுவார். ரேப் பற்றிக் கேட்டேன்.

"ஒட்டட்டுமுங்க தம்பி, நான் எதுக்கு வேண்டாங்கறேன்? ஆனா துருவுக்கு ஸ்டிக்கர் தெரியுமா? அது பாட்டுக்கு வேலை செஞ்சுட்டு இருக்கும்."

அவர் செய்யும் வேலையின் வரிசையைப் பாருங்கள். முதலில் பழைய பெயிண்டைத் தேய்த்து இரும்பைப் பார்க்கிறார். துரு ஓட்டை போட்டிருந்தால் டிங்கரிங். வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங். பிறகு பிரைமர், பட்டி, வாட்டர் பேப்பர் தேய்ப்பு, மறுபடி பிரைமர், நிறம், மேலே கிளியர் கோட். நிறம் என்பது கடைசிக்கு முந்தைய படிதான். அதற்கு முன்னால் நடப்பதெல்லாம் வண்டிக்கு என்ன ஆச்சு என்று பார்க்கிற வேலை. ஒழுங்காகப் பெயிண்ட் அடிக்க வேண்டுமென்றால் பழுதைப் பார்த்தே ஆகவேண்டும். ரேப்பில் அந்தக் கட்டாயம் இல்லை. அதுதான் அதன் வசதி என்று விற்கிறார்கள். மலையில் பழைய கார் வாங்குகிறவருக்கு அதுவே ஆபத்து: கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதி துருவேறி இற்றுப்போனால் வண்டியின் பலமே போகும். அதன் மேல் பளபளவென்று ஃபிலிம் இருந்தால் கண்ணுக்கு எப்படித் தெரியும்?

"பெயிண்ட் மட்டும் என்ன பூவா?" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. தின்னரின் ஆவி நல்லதல்ல. இப்போது அடிக்கும் இரண்டு பாகப் பெயிண்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, ஆஸ்துமாவை வரவழைக்கக்கூடியது. நம் பெயிண்டர்களில் பலர் மூக்கில் ஒரு கர்ச்சீஃப்பைக் கட்டிக்கொண்டு அதை அடிக்கிறார்கள். இது அநியாயம், உடனே நிறுத்தப்பட வேண்டியது. அதற்கான பதில் வெளிக்காற்று தரும் முகமூடி, காற்றோட்டமுள்ள பூத், தண்ணீரில் கரையும் பெயிண்ட். பி.வி.சி.க்கு மாறினால் நஞ்சு நம் பட்டறையை விட்டுப் போகிறது, உலகத்தை விட்டுப் போவதில்லை. அதன் மூலப்பொருளான வினைல் குளோரைடு புற்றுநோய் உண்டாக்குவது. பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். குப்பையோடு எரித்தால் டையாக்சின். ஒரு முறை அடித்த நல்ல பெயிண்ட் பத்து வருடம் நிற்கும், தேவையான இடத்தில் மட்டும் தொட்டுக்கொள்ளலாம். நம் வெயிலில் ஃபிலிம் அதில் பாதி வருடம் தாங்கினாலே பெரிது. பத்து வருடத்தில் ஒரே காருக்கு எத்தனை முறை மூன்று கிலோ என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

சட்டத்துக்கு வருவோம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-வது விதி, ராணுவத்துக்குச் சொந்தமல்லாத எந்த வண்டிக்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது என்கிறது. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையமும் பாதுகாப்புப் பணியாளர் கல்லூரியும் இருக்கும் ஊர் இது. இந்த விதிக்கு இங்கே ஓர் அர்த்தம் உண்டு. ஆனால் பச்சை ரேப் ஒட்டியவரைக் கேட்டால், "அது பெயிண்ட் இல்ல சார், ஸ்டிக்கர்" என்பார். ஆர்.சி. புத்தகத்தில் நிறம் ஒன்று, ரோட்டில் நிறம் வேறு. அழகு என்று வரும்போது நிறம், பொறுப்பு என்று வரும்போது ஸ்டிக்கர். இரண்டில் ஒன்றைச் சொல்லட்டும்.

இந்த மனநிலை எனக்கு அலுவலகத்திலேயே பழக்கம். பழைய கோடு ஒன்று இருக்கும். யாருக்கும் புரியாது, தொடப் பயம். உடனே அதன் மேல் ஒரு 'ரேப்பர்' எழுதுவோம். வெளியே பார்க்க நவீனம், உள்ளே பழைய நாற்றம் அப்படியே. பிரச்சினை வந்தால் ரோல்பேக். கோடை ரோல்பேக் செய்தால் குப்பை மிஞ்சாது. அந்தப் பழக்கத்தைத்தான் நம் தலைமுறை பொருட்களின் மேலும் ஏற்றிவிட்டது. எதையும் திரும்பப் பெறலாம், எதற்கும் உறுதி கொடுக்க வேண்டியதில்லை என்று நம்புகிறோம். உரித்த ஃபிலிம் மட்டும் இதை நம்புவதில்லை. அது ஒட்டுப்பட்டறைக் குப்பைமேட்டுக்குப் போகிறது. அங்கே காட்டெருமை வாய் வைக்கும்.

என் கோரிக்கைகள் பெரியவை அல்ல. மாவட்ட நிர்வாகம் ரேப் ஃபிலிமையும் பிளாஸ்டிக் கணக்கில் சேர்க்கட்டும். ஒட்டிக் கொடுக்கும் கடையே உரித்ததைத் திரும்ப வாங்கிக் கணக்குக் காட்டட்டும். ஆர்.டி.ஓ. அலுவலகம் நிறம் மாறினால் நிறம் மாறியது என்றே எழுதட்டும், அது பெயிண்டோ ஃபிலிமோ. பெயிண்டருக்கு முகமூடி இல்லாத பட்டறைக்கு உரிமம் வேண்டாம். புது டாக்சிக்கு ரேப் வேண்டுமென்றால் தாராளமாக ஒட்டிக்கொள்ளுங்கள்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் காரின் நிறம் பிடிக்கவில்லையா? நல்ல ஃபிலிமுக்குக் கொடுக்கும் காசில் நல்ல பெயிண்டே அடிக்கலாம். எந்த நிறம் என்று ஒரு மாதம் யோசியுங்கள், பட்டறைக்குப் போங்கள், இரும்பு தெரியும்வரை தேய்த்த பிறகு பக்கத்தில் நின்று பாருங்கள். அப்போதும் ரேப்தான் வேண்டும் என்றால், ஒட்டுவதற்கு முன்னால் கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, உரிச்சதை எங்க போடுவீங்க?"